உஷார்! பழைய திகில் காமிக்ஸ் வாங்குகிறீர்களா? பணத்தை நீட்டுமுன் உள்பக்கத்தைப் புரட்டுங்கள்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பழைய காமிக்ஸ், பாக்கெட் நாவல், பைண்டு செய்த தொடர்கதை என்று தேடித் தேடிச் சேர்க்கும் அன்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள்! இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரலாம். காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் அட்டை பளபளவென்று மின்னும். கீழே ஒரு குரல் பதிவு: "அண்ணே, ஒரிஜினல் முதல் பதிப்பு. ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. நீங்க பழக்கமான ஆளுன்னுதான் முதல்ல உங்களுக்கு அனுப்புறேன். இப்பவே ஜிபே பண்ணா எடுத்து வைக்கிறேன்."

கை தானாகப் போனைத் தேடும். போகவிடாதீர்கள்! அந்தப் படத்தில் இருப்பது அட்டை மட்டும்தான். இந்த வியாபாரத்தில் நடக்கிற மோசடி, கலப்படம், பூச்சித் தொல்லை, சட்டச் சிக்கல் எல்லாமே அட்டைக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன. உள்ளே பார்க்காமல் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கக் கத்திச் சொல்லப் போகிறேன்.

சரக்கு இங்கே ஏன் குவிகிறது?

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் வந்தது. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல். ஷிப்டு முடிந்து எலெக்ட்ரிக் டிரெயினில் ஏறுகிறவர்கள் கையில் ஒரு மாலைமதியோ, ராணிமுத்துவோ, கிரைம் நாவலோ இருந்த காலம் அது. பிள்ளைகளுக்கு அம்புலிமாமாவும் காமிக்ஸும். படித்து முடித்ததைத் தூக்கி எறிய மனம் வராமல் பரணில் ஏற்றினார்கள். அந்தத் தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுவிட்டது. தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். பரணில் இருந்ததெல்லாம் இறங்கி, திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் குமணன்சாவடியிலும் உள்ள பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் போகிறது.

தராசில் ஏறும் சரக்கில் சில நிஜமாகவே அரியவை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது; 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையின் நாயகனை இரும்புக்கை மாயாவியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது அதுதான். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் பிறந்தன. லயன் குடும்பத்திலிருந்து 1986இல் பேய்க்கதைகளுக்கென்றே வந்தது திகில் காமிக்ஸ். சில ஆண்டுகள் ஓடி நின்றுபோனதால் அதன் இதழ்களுக்குத் தனி மவுசு. இன்னும் பின்னால் போனால் 1947இல் தொடங்கிய அம்புலிமாமா. ஓவியர் சங்கரின் கையில் உருவான விக்கிரமாதித்தனும் அவன் தோளில் தொங்கும் பிணமும் எத்தனையோ பேருக்கு முதல் திகில்.

பாக்கெட் நாவலும் இன்று சேகரிப்புப் பொருள். பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மலிவு விலை நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, வெளிநாட்டு வாசகர்களும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஷ்யாமின் அட்டை ஓவியங்களுக்கென்றே வாங்குகிற ஆட்கள் உண்டு.

கேட்கிற ஆள் கூடினால் ஏமாற்றுகிற ஆளும் கூடத்தானே செய்வான்?

கள்ளப் பிரதி நான்கு வகை

முதல் வகை, அப்பட்டமான கலர் ஜெராக்ஸ். ஒரிஜினலை ஸ்கேன் செய்து, லேசர் பிரின்டரில் எடுத்து, பழுப்பு நிறம் ஏற்றி, நடுவில் பின் அடித்துத் தருவது. காப்புரிமைச் சட்டப்படி இது குற்றம். ஆனால் "ரசிகர் பிரதி" என்ற பெயரில் சகஜமாகச் சுற்றுகிறது. ரசிகர் பிரதி என்று சொல்லிக் கொடுத்தாலாவது வாங்குகிறவருக்குத் தெரியும். ஒரிஜினல் என்று சொல்லிக் கொடுப்பவர்தான் ஆபத்தானவர்.

இரண்டாவது, ஒட்டுப்போட்ட பிரதி. நல்ல அட்டை ஒன்று, அட்டையில்லாத உடம்பு ஒன்று. இரண்டையும் சேர்த்துவிட்டால் "ஃபுல் கண்டிஷன்". சில சமயம் அட்டை ஒரு வருட இதழ், உள்ளே வேறொரு இதழ்.

மூன்றாவது, மறுபதிப்பை முதல் பதிப்பு என்று விற்பது. மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பு கண்டவை. 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரிலும் வந்தன. மறுபதிப்பு மோசமானதல்ல; படிக்க அதுவே போதும். ஆனால் மறுபதிப்புக்கு முதல் பதிப்பு விலை கொடுப்பது வீண்.

நான்காவதுதான் படுமோசம். புத்தகம் அசல், நடுவில் நாலு பக்கம் மட்டும் ஜெராக்ஸ். பின்னைக் கழற்றி, காணாமல் போன தாள்களுக்குப் பதில் நகலைச் செருகி, மறுபடி பின் அடித்திருப்பார்கள். கடையில் நின்றபடி முன்னே பத்துப் பக்கம், பின்னே பத்துப் பக்கம் புரட்டுகிறவர் கண்ணில் இது படாது.

முகவரியைப் படியுங்கள், வயது தெரியும்

கதையை விடுங்கள். முதலில், பதிப்பாளர் பெயரும் அச்சகமும் பொடி எழுத்தில் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்று அந்தக் காலத்தில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஒரு மாத இதழில் அந்த வரியே இல்லை என்றால் பக்கம் காணாமல் போயிருக்கிறது, அல்லது வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்து சொல்லும் சேதிகள் இவை:

விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய சரக்கு. 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அம்புலிமாமா வாங்குகிறவர்களுக்கு இது முதல் பாடம்.

ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா? இந்தியாவில் பின்கோடு அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான். 1972 தொடக்கத்து முத்து காமிக்ஸ் என்று சொல்லிக்கொண்டு வருகிற பிரதியில் சிவகாசி 626123 என்று கம்பீரமாக அச்சாகியிருந்தால், விற்பவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மாவட்டம் போட்டிருக்கிறதா? 1985 மார்ச்சில் காமராஜர் மாவட்டம் பிரியும்வரை சிவகாசி இருந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில். அதற்கு முந்தைய தேதி போட்ட இதழில் 'காமராஜர் மாவட்டம்' வந்தால் தேதியோ தாளோ, ஏதோ ஒன்று பொய்.

எழுத்தைப் பாருங்கள். தும்பிக்கை போட்ட லை, ணை, னை, பழைய வடிவ றா, ணா, னா இவற்றைத் தமிழக அரசு மாற்றியது 1978இல். 1972 இதழ் முழுக்கப் புது எழுத்தாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற அச்சகங்கள் முன்னாலேயே மாறியிருந்தன, பல அச்சகங்கள் 1978க்குப் பிறகும் பழைய எழுத்தையே கோத்தன. அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் குறிகள் பொய்யைப் பிடிக்கத்தான் உதவும். மெய் என்று சான்றிதழ் தராது. நல்ல ஸ்கேனில் பழைய முகவரியும் பழைய எழுத்தும் அப்படியே விழும். அதனால் அடுத்த சோதனை தாளுக்கு.

தாள் பொய் சொல்லாது

பையில் இரண்டு சாமான் வைத்துக்கொள்ளுங்கள். கள்ள நோட்டுப் பார்க்கிற சின்னப் புற ஊதா விளக்கு ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. இரண்டும் மலிவுதான்.

விளக்கைத் தாள்மேல் அடியுங்கள். இன்றைய ஜெராக்ஸ் தாளில் வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனம் நீலமாகப் பளீரென்று ஒளிரும். பழைய நியூஸ்பிரிண்ட் பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும். நடுவில் செருகிய நாலு பக்கம் மட்டும் இருட்டில் நீலமாக எரிவதை ஒருமுறை பார்த்துவிட்டீர்கள் என்றால், அப்புறம் அந்த விளக்கில்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டீர்கள்.

லென்ஸை எழுத்தின்மேல் வையுங்கள். அசல் அச்சில் கறுப்புக் கோடு ஓரம் தெளிவாக இருக்கும். நகலில் கோட்டு ஓரத்தில் தூள் தூவினாற்போல் புள்ளிகள் சிதறியிருக்கும். வண்ணப் பகுதியில் பழைய அச்சின் புள்ளிமேல் புதுப் புள்ளி ஏறிக் கோலம் கலங்கினாற்போல் தெரியும். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த பழைய நாவல் என்றால் பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் விரலால் தடவுங்கள். எழுத்து அழுந்திய மேடு கையில் தட்டுப்படும். பிரின்டரில் எடுத்த தாள் வழவழவென்றிருக்கும்.

பழுப்பு நிறத்தைக் கவனியுங்கள். மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் நீங்காமல் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டு அது நிறம் மாறும். அதனால் ஓரம் கருத்து, நடு வெளுத்துத்தான் முதிரும். டீத்தண்ணீரில் நனைத்த தாளோ ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறம். சில இடத்தில் சொட்டுச் சொட்டாகத் திட்டு.

கடைசியாக நடுப் பின். நாற்பது வருடப் பின் துருப்பிடித்து, அந்தத் துரு நடுத்தாளில் செம்பழுப்புக் கறையாக இறங்கியிருக்கும். பின் பளபளக்கிறது, தாளில் மட்டும் பழைய துருக்கறை இருக்கிறது என்றால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பின் துளைகள் இரண்டுக்கு நாலாக இருந்தாலும் கதை அதே.

"முதல்ல பணம் போடுங்க சார்"

இனி ஆன்லைன் சமாச்சாரம். பேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் நேர்மையான சேகரிப்பாளர்கள்தான் அதிகம். ஆனால் அவர்களுடைய படங்களைத் திருடி, புதுக் கணக்கில் போட்டு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைகிற ஆசாமிகளும் அங்கேயே உலாவுகிறார்கள்.

தற்காப்பு எளிது. "அண்ணே, நடுப்பக்கத்தை விரிச்சு, பக்கத்துல இன்னிக்குத் தேதி எழுதின ஒரு துண்டுச் சீட்டை வெச்சு வீடியோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். புத்தகம் கையில் உள்ளவர் ரெண்டே நிமிடத்தில் அனுப்புவார். இல்லாதவர் கோபப்படுவார், "நம்பிக்கை இல்லைன்னா விடுங்க" என்பார். விட்டுவிடுங்கள்! பக்கத்து ஊர்க்காரர் என்றால் நேரில் வரச் சொல்லுங்கள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையமோ ஆவடி ரயில் நிலையமோ, ஆள் நடமாடும் இடத்தில் புரட்டிப் பார்த்துக் காசு கொடுங்கள்.

நீங்கள் விற்கிறவரா? அப்போதும் உஷார். "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் திருடர். பணம் பெற்றுக்கொள்ள யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன; சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. குரல் பதிவு, பணம் கட்டிய ரசீது, போன் எண் எதையும் அழிக்காதீர்கள்.

இங்கிலீஷ் திகில் என்றால் இன்னும் உஷார்

"சார், டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட், 1950கள்ல வந்தது" என்று யாராவது நீட்டினால் அட்டை விலையைப் பாருங்கள். அமெரிக்காவில் ஈ.சி. நிறுவனம் அந்தத் திகில் காமிக்ஸைப் பத்து சென்ட்டுக்கு விற்றது. குழந்தைகள் கெடுகிறார்கள் என்று கிளம்பிய எதிர்ப்பும் செனட் விசாரணையும் சேர்ந்து 1954இல் அவற்றை நிறுத்தின. அதனால் அசல் இதழ்களுக்கு அங்கே பெரும் விலை. அதே அட்டையோடு 1990களில் மறுபதிப்புகள் வெளிவந்தன. நம்மூர் நடைபாதைக்கு வருவது அநேகமாக அந்த மறுபதிப்புதான். அட்டையில் டாலர் கணக்கில் விலையோ பார்கோடோ இருந்தால் முடிந்தது கதை.

வெளிநாட்டுப் பழைய பேப்பர்பேக்கில் முன்னட்டை கிழிந்திருந்தால் அதையும் யோசியுங்கள். அமெரிக்காவில் விற்காத பிரதியின் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிக் கடைக்காரர் கணக்கு முடிப்பார். உடம்பை அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அழிக்காமல் தப்பி வந்த உடம்புகள் சேகரிப்பில் காசு பெறாது.

"சீல் வைத்த கண்ணாடிப் பெட்டியில் தரச் சான்றோடு இருக்கிறது" என்கிறார்களா? தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் பெரிய அமெரிக்க நிறுவனத்தின் பெட்டிகளையே திறந்து, உள்ளே வேறு பிரதி வைத்து மூடிய விவகாரம் 2023 கடைசியில் அங்கே வெடித்தது. பெட்டியும் ஒரு அட்டைதான்!

முத்திரையைத் தேடுங்கள்

பழைய நாவலின் உள்ளே ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை இருக்கலாம். வாடகை நூல் நிலைய முத்திரை என்றால் பயமில்லை. அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடி எத்தனையோ காலம் ஆகிறது. அந்த முத்திரையே இன்று புத்தகத்தின் சரித்திரம். பள்ளி நூலகம், அரசுக் கிளை நூலகம், கல்லூரி முத்திரை என்றால் நிதானியுங்கள். நூலகம் முறைப்படி கழித்துக் கட்டியதற்கான குறிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் அது யாரோ தூக்கிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு வாங்கியவர்மேலும் பாயும். முத்திரையைச் சுரண்டிய தடம், முத்திரைமேல் ஒட்டிய வெள்ளைத் தாள் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்தால் ஒரு படையே வரும்

மலிவாகக் கிடைத்ததே என்று மூட்டையாக வாங்கி நேராக அலமாரியில் அடுக்குகிறீர்களா? ஐயோ, வேண்டாம்! பேப்பர் கடையில் தரையோடு கிடந்த கட்டில் கரையான் இருக்கும். தாளில் வெள்ளி நிறத்தில் நழுவி ஓடும் இராமபாணம் இருக்கும். பைண்டு பசையைத் தின்னும் வண்டின் முட்டை முதுகுக்குள் இருக்கும். எல்லாம் உள்பக்கத்தில், தையல் ஓரத்தில்தான். அட்டையில் ஒன்றும் தெரியாது.

புதுச் சரக்கை முதலில் தனியாக வையுங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டி உதறுங்கள். மாவு போல் தூள் கொட்டினால் பூச்சி உயிரோடிருக்கிறது. அந்தப் புத்தகத்தைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். எறும்புப் பொடி, கொசு மருந்து எதையும் தாள்மேல் அடிக்காதீர்கள்.

புத்தகத்தைத் திறந்ததும் மண்வாசம்போல் குப்பென்று அடித்தால் அது பூஞ்சை. மூக்கருகில் கொண்டுபோய் முகராதீர்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது நேரடி ஆபத்து. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்தவெளியில் வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். குழந்தைகள் தூங்கும் அறையில் இந்த வேலை கூடாது. பாச்சை உருண்டையை அள்ளிப் போடுவதும் தப்பு. அந்த நெடி நமக்கே விஷம்.

ரிப்பேர் என்ற பெயரில் கொலை

கிழிந்த அட்டைக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உதிரும். பசை மட்டும் மஞ்சள் பட்டையாகத் தாளில் ஊறி நிற்கும், எடுக்கவே முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம். ஒருமுறை சூடேற்றி ஒட்டினால் தாளைத் திரும்பப் பிரிக்க வழியில்லை, மதிப்பும் போச்சு. கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை நாளாக ஆகப் பிசுபிசுத்து மையை உரிக்கும். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்றைத் தாங்கலுக்கு வையுங்கள்.

வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்த தொகுதி கிடைத்தால், தயவுசெய்து அதைப் பிரித்து விற்காதீர்கள். புத்தகமாக வந்தபோது பல கதைகள் வாரா வாரம் வந்த ஓவியங்களை இழந்தன. அந்தப் படங்களும் அடுத்த வாரத்துக்கு இழுக்கும் கடைசி வரியும் சில வீட்டு பைண்டிங்குகளில் மட்டும்தான் மிச்சம். ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், எண்ணெய்க் கை பட்டிருக்கும். பரவாயில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஒரு மனிதராக நின்று சேர்த்ததில் இப்படிப்பட்ட ஜனரஞ்சகக் கதைகளும் துப்பறியும் நாவல்களும் அடக்கம். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரம் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இப்போது தரமணியில் இருக்கிறது. பெருந்தொகை கொடுத்து ஒரு பழைய நாவல் வாங்குமுன் அங்கேயோ எழும்பூர் கன்னிமாராவிலோ அசல் பிரதி இருக்கிறதா என்று கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் அலைச்சல், பல ஆயிரம் மிச்சம்.

அடுத்த வில்லன் ஐப்பசியில் வருகிறான்

இத்தனை சோதித்து வாங்கிய சரக்கைக் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் தள்ளி வைத்திருக்கிறீர்களா? 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் வடியவில்லை. கொரட்டூரில் வீடுகளுக்குள் வெள்ளம். அட்டைப் பெட்டி தண்ணீரை உறிஞ்சும். மேலே உள்ள இதழ் புதிதுபோல் இருக்கும், அடியில் இருக்கும் இருபதும் ஒன்றாக ஒட்டிக் கட்டையாகியிருக்கும்.

தரைத்தள வீடு என்றால் புரட்டாசி முடியுமுன் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஏற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழையில் சுவர் ஊறும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். மழைநாளில் அல்ல, வெயில் நாளில், நிழலில்.

நனைந்தே போய்விட்டதா? ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள்; தாள் சுருண்டு முறியும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் முதலில் முடிந்ததை மின்விசிறிக் காற்றில், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து ஆற்றுங்கள். மீதியை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசருக்குள் தள்ளுங்கள். உறைந்த புத்தகத்துக்குப் பூஞ்சை ஏறாது. நாலு நாள் கழித்து ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம்.

பரண் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை

சேகரிப்பாளரை மட்டும் எச்சரித்து என்ன பயன்? அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பெட்டியை வைத்திருக்கும் வீட்டாரும் கேளுங்கள். "எல்லாம் குப்பைம்மா, கிலோ கணக்குல எடுத்துக்கிறேன்" என்று வருகிற ஆள் தராசைத் தொடுமுன் பெட்டியைத் தானே கிளறிப் பார்க்கிறாரா? அப்படியென்றால் உள்ளே குப்பை இல்லை என்று அர்த்தம். எடையை நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் அட்டையையும் பொடி எழுத்துப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, விவரம் தெரிந்த இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாமே பொக்கிஷமாக இருக்கப்போவதில்லை. பெரும்பாலான பாக்கெட் நாவலுக்கு இன்றும் சில பத்து ரூபாய்தான். ஆனால் எது எது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கும்போது பாதி பேப்பர் கடைக்குப் போகும். மிச்சம் போகி நெருப்புக்குப் போகும். தை பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். பெட்டியை இறக்குங்கள். உள்பக்கம் ஒன்று விடாமல் புரட்டிப் பாருங்கள். வாங்குவதானாலும் விற்பதானாலும் எரிப்பதானாலும், முடிவெல்லாம் அதற்குப் பிறகுதான்!